கேஸ் டப்பா தானாகக் கழன்றுகொள்கிறது, யாருக்காவது காரணம் தெரியுமா?

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போய் மாமம் கடற்கரையில் கூடாரம் போடப்போகிறோம். பக்கத்து வீட்டு அக்கா தந்த பழைய பியூட்டேன் அடுப்பு (சின்ன கேஸ் டப்பா வைத்து எரிப்பது) ஒன்று இருக்கிறது. டப்பாவை வைத்து லீவரை இறக்கினால் பூட்டிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் எரிந்ததும் டக்கென்று விடுபட்டு அணைந்துவிடுகிறது. டப்பா விளிம்பில் உள்ள வெட்டு மேலே பார்த்தபடிதான் இருக்கிறது (அது திரும்பியிருந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வந்து தீ குபீரென்று எழும்).

டப்பா சூடாகி அழுத்தம் ஏறினால் தானே கழற்றிவிடும் பாதுகாப்பு இந்த அடுப்புகளில் உண்டு. முதலில் அம்மாவின் தோசைக்கல்லைத்தான் சந்தேகப்பட்டேன். டப்பா இருக்கும் பக்கம்வரை நீட்டிக்கொண்டு நிற்கும், சூடு அப்படியே கீழே இறங்கும். ஆனால் சின்னச் சட்டி வைத்தாலும் கழல்கிறது. டப்பா சேரும் இடத்து ரப்பர் வளையம் தேய்ந்திருக்குமா? சோப்பு நுரை தடவியதில் குமிழி ஏதும் வரவில்லை.

தேக்கா, ஜாலான் புசார் பக்கம் இதைப் பார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்களா? வீட்டுக்காரர் "நன்றாகத்தானே எரிகிறது" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பியூட்டேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கிவிடும். அப்புறம், பாதி தீர்ந்த டப்பாக்களை நீங்கள் எப்படி அப்புறப்படுத்துகிறீர்கள்?