செவலைக்கு மைக்ரோசிப் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே, திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு வயது சிப்பிப்பாறை நாய், பெயர் செவலை. தீபாவளி ராத்திரி பக்கத்துத் தெருவில் பத்தாயிரம் வாலா வெடித்ததும் மதில் தாண்டி ஓடிவிட்டான். தேடாத இடமில்லை. நாலாம் நாள் விடிகாலை வாசலில் வந்து நிற்கிறான். கழுத்தில் எங்கள் தோல்பட்டை இல்லை. பச்சை நைலான் கயிறு, நுனியைக் கடித்துக் குதறியிருந்தான். யாரோ பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

பட்டையில் போன் நம்பர் எழுதியிருந்தோம். கழற்றி எறிய எவ்வளவு நேரமாகும்? அதுவும் இந்த இனத்துக்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே பருமன், பின்னுக்கு இழுத்தாலே பட்டை உருவிக்கொள்ளும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை மதுரையில் எங்கே கிடைக்கும்?

மைக்ரோசிப் பற்றி விசாரித்தேன். அரிசி அளவு, 15 இலக்க எண், ஊசியில் தோலுக்கு அடியில் போடுவார்கள். அதில் ஜிபிஎஸ் கிடையாது, ரீடர் வைத்தால்தான் எண் தெரியும் (என் மச்சான் இன்னும் நம்பவில்லை). அந்த எண்ணை என் பெயரோடு எங்கே பதிய வேண்டும்? நம் பக்கத்து டாக்டர்களிடம் ரீடர் இருக்கிறதா?

சிம் போடும் ஜிபிஎஸ் பட்டை யாராவது வைத்திருக்கிறீர்களா? சார்ஜ் எத்தனை நாள் நிற்கிறது? விளம்பரத்தில் உள்ளது வேண்டாம், போட்டுப் பார்த்ததைச் சொல்லுங்கள்.

"சங்கிலியில் கட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஓடிப் பழகிய நாய். இப்போதைக்கு ராத்திரி வீட்டுக்குள்தான் படுக்கை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்துப் போட்டது அவர்தான்.