படைவீரர் மருத்துவமனையில் சாப்ளின் வேலை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறோம். சிஎஸ்ஐ ஆயரான என் கணவர் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஆன்மீகத் துணையாக இருக்கும் போதகராக, சேர விரும்புகிறார். இப்போது தன்னார்வலராகப் போய்வருகிறார். வியட்நாம் போரில் இருந்த தாத்தா ஒருவர், இவர் கையைப் பிடித்தால் சாப்பாட்டுத் தட்டு வரும்வரை விடுவதில்லையாம். இவருக்கும் அந்த வேலையில்தான் மனசு.

குடியுரிமை வாங்கியாச்சு. மதுரை அரசரடியில் முடித்த செராம்பூர் பி.டி. இறையியல் பட்டத்தை, இங்கே கேட்கும் எம்.டிவ். என்ற முதுநிலை இறையியல் படிப்புக்கு நிகராக மதிப்பிட்டு வாங்கியவர்கள் யாராவது உண்டா? அப்புறம், மருத்துவமனை ஆன்மீகப் பராமரிப்புப் பயிற்சி இரண்டு யூனிட் வேண்டும். ஒரு யூனிட்டே 400 மணி நேரம். சம்பளத்தோடு எங்கே படிக்கலாம்?

எங்களுக்குப் பெரிய கவலை சபையின் பரிந்துரைச் சான்றுதான். அது இல்லாமல் விண்ணப்பமே நகராது. சிஎஸ்ஐ ஆயர்கள் இங்கே எந்தச் சபை மூலம் அதை வாங்கினீர்கள்? அனுபவப்பட்ட அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து எழுதுங்கள்.