பழைய ரோட்ஸ்டரின் சொந்த றிம்முக்கு 205 ரயர் போடலாமா?

கிளிநொச்சிப் பெடியன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது. மஸ்டா எம்எக்ஸ்-5, மியாட்டா என்று வெளியில் சொல்வதும் இதைத்தான். 1600 இஞ்சின், இரண்டே இருக்கை. கொழும்பில் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. முன்னவர் கண்டபடி எதையும் மாற்றவில்லை. றிம்கூட ஜப்பானில் இருந்து வந்த அதே 14 அங்குல அலோய்தான். உட்பக்கத்தில் 5.5 என்று வார்த்திருக்கிறது, அது றிம்மின் அகலம், அங்குலத்தில்.

இப்போது கிடப்பது 185/60/14. அதாவது அகலம் 185 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், றிம் 14 அங்குலம். தவாளிப்பு நிறைய இருக்கிறது, ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது. போன கிழமை முறிகண்டியில் கச்சான் வாங்க நிறுத்தப் பிரேக்கை அழுத்தினால், தூறல் ஈரத்தில் பின்பக்கம் ஒரு முழம் விலகிப்போய் நின்றது. கச்சான் விற்கிற அம்மா பயந்துவிட்டார்.

நாலும் மாற்ற வேண்டும். 185/60 இப்போது கையில் இல்லை என்று ஒரு கடையில் வாகன் ஆருக்குப் போடுகிற 155/65/14ஐக் காட்டினார்கள். இன்னொரு கடையில் 195/60/14 இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, ஸ்போர்ட்ஸ் காருக்கு 205/55/14 போட்டால்தான் மட்காட் நிரம்பி வடிவாக இருக்கும், பிடியும் கூடும் என்கிறார். எனக்கும் மனம் அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. றிம் மாற்றக் காசு இல்லை.

ஓட்டம்: கிழமைக்கு ஒரு முறை ஏ9இல் வவுனியா, சில ஞாயிறுகளில் முல்லைத்தீவுக் கடற்கரை. வீட்டு ஒழுங்கை கிறவல். என்ன போடலாம்?

முல்லைக்கரை

205 போடுங்கோ பிறதர். ஒல்லி ரயரோடு ஸ்போர்ட்ஸ் கார் ஓடுவது, வேட்டி கட்டிக்கொண்டு கிரிக்கெட் விளையாடுகிற மாதிரி. அகலம் கூடினால் பிடி கூடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒட்டுக்கடை அண்ணை

தம்பி, இருபத்தெட்டு வருடமாக ரயர் கழற்றிப் பூட்டுகிறவன் சொல்கிறேன். 205 வேண்டாம். 155ஐத் திரும்பியும் பார்க்க வேண்டாம். 185/60 கிடைக்கும்வரை பொறும். பொறுக்கவே ஏலாது என்றால் 195/60.

ஏன் என்று சொல்கிறேன். ரயரின் பக்கத்தில் 205 என்று எழுதியிருப்பதை எல்லாரும் ரயரின் அகலம் என்று நினைக்கிறார்கள். அது, அந்த ரயருக்கென்று குறித்த றிம்மில் பூட்டிக் காற்றடித்தால் வருகிற அகலம். 205/55க்குக் குறித்த றிம் 6.5 அங்குலம். உம்முடையது 5.5. றிம் அரை அங்குலம் ஒடுங்கினால் ரயரும் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் ஒடுங்கும். அப்போது 205இல் இருந்து 10 மில்லிமீற்றர் அங்கேயே போய்விட்டது. 185/60க்குக் குறித்ததோ சரியாக 5.5. அதனால் அது முழுதாக விரிந்து நிற்கும். காசு கொடுத்தது 20 மில்லிமீற்றருக்கு, கையில் வந்தது பத்துச் சொச்சம்.

அந்தப் பத்தும் றோட்டில் படுகிறதா என்று கேளும். ஒடுங்கின றிம்மில் அகல ரயரைப் பூட்டினால் இரண்டு தோளும் உள்ளே இழுபட்டு, முகம் நடுவில் குவியும். பனங்கொட்டை மாதிரி. நடு தேயும், ஓரம் புதிதாகவே கிடக்கும். வளைவில் திருப்பும்போது முதலில் ரயரின் பக்கச்சுவர் மடியும், பிறகுதான் கார் திரும்பும். இந்தக் காரின் ருசியே ஸ்ரியரிங்கைத் தொட்ட உடனே மூக்கு திரும்புவதுதானே. அதைக் கெடுத்துவிட்டு மட்காட்டை நிரப்பி என்ன செய்கிறது?

5.5இல் 205/55 போடலாமா என்றால், அட்டவணைப்படி போடலாம். 5.5இல் இருந்து 7.5 வரை என்று இருக்கும். ஆனால் அது கீழ்ப்படி. கிணற்றில் கடைசிப் படியிலும் நிற்கலாம்தான். 195/60க்கும் 5.5தான் கீழ்ப்படி, ஆனாலும் அதற்குக் குறித்த றிம் 6. அரை அங்குல வித்தியாசத்தை வாகனம் பொறுத்துக்கொள்ளும்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். கடை தொடங்கின புதிதில், டொயோட்டா லெவின் கார் ஒன்றைக் கொண்டுவந்த பெடியன் 5.5 றிம்மில் 215 போடச் சொல்லி நின்றான். எனக்கும் இயலும் என்று காட்ட ஆசை. பூட்டிக் கொடுத்தேன். பார்க்க வடிவு, பொய் சொல்லக்கூடாது. மூன்றாம் நாள் அக்கராயன் பக்கம் கிறவல் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பியிருக்கிறான். காற்றும் குறைவு. ரயரின் கம்பி ஓடுகிற விளிம்பு றிம்மில் இருந்து கழன்று, காற்று ஒரே மூச்சில் போய், அலோய் கல்லில் அரைபட்டுப்போனது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அந்த றிம்மை இன்னும் வைத்திருக்கிறேன், கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட.

முல்லைக்கரை தம்பிக்கு: உலர்ந்த தாரில், அகல றிம்மோடு சேர்ந்த அகல ரயர் என்றால் நீர் சொல்வது சரி. ஆனால் நிலத்தில் படுகிற பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காரின் பாரமும் காற்றின் அழுத்தமும். ரயரை அகலமாக்கினால் அந்தத் தடம் அகன்று குறுகும், பெரிதாகக் கூடாது. இந்தக் கார் ஆயிரம் கிலோவும் வராது. மாரியில் ஏ9 ஓரத்தில் தண்ணீர் நிற்கும்போது, இவ்வளவு பாரமில்லாத கார் அகல ரயரில் மற்றதைவிட முந்தி மிதக்கும். அப்போது ஸ்ரியரிங் கையில் இருக்கும், சில்லு உம்முடைய சொல்லைக் கேட்காது.

155இன் கதை வேறு. அதன் பாரச் சுட்டெண் 75, ஒரு ரயர் 387 கிலோ தாங்கும். வழமையான 185/60இன் சுட்டெண் 82, அதாவது 475 கிலோ. உயரமும் 20 மில்லிமீற்றர் குறையும். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களுக்குக் கிடைத்ததையெல்லாம் பூட்டினோம். அப்போது வேறு வழி இல்லை. இப்போது என்ன வந்தது?

கிளிநொச்சிப் பெடியன்

நன்றி அண்ணை. கண் திறந்தது. அண்ணாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் இனிப் பிரச்சினை. இரண்டு கேள்வி. 195/60 போட்டால் வேக மீற்றர் பிழையாகக் காட்டுமா? பின்னொரு நாள் 15 அங்குல றிம்முக்குப் போனால் 195/50/15 சரியா?

ஒட்டுக்கடை அண்ணை

கணக்கு இதுதான். 185இல் 60 சதவீதம் 111 மில்லிமீற்றர். அது பக்கச்சுவர். மேலும் கீழும் இரண்டு, அதோடு 14 அங்குல றிம். மொத்த உயரம் 577.6. 195/60க்கு 589.6. நூற்றுக்கு இரண்டு கூட. மீற்றர் 70 காட்டும்போது உண்மையில் 71.4. பொலிஸுக்கு இதைச் சொல்லித் தப்ப ஏலாது. ஆனால் கார் 6 மில்லிமீற்றர் உயரும், உம்முடைய ஒழுங்கையில் சைலன்சருக்கு அது நல்லது. ஸ்ரியரிங் பவர் இல்லாதது என்றால் நிறுத்தும்போது கொஞ்சம் கனக்கும்.

195/50/15 உயரத்தில் பழையதோடு ஒத்துப்போகும், 576 வரும். 6 அங்குல றிம் வேண்டும், நாலு நட்டு, 100 பிசிடி (நட்டுகள் நிற்கிற வட்டத்தின் விட்டம், மில்லிமீற்றரில்), ஓஃப்செற் (றிம்மின் நடுக்கோட்டில் இருந்து பூட்டுகிற முகம் தள்ளி நிற்கிற தூரம்) 45 மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஆனால் பக்கச்சுவர் 111இல் இருந்து 97.5க்கு இறங்கும். கிடங்கில் விழும்போது அந்தப் பதின்மூன்றரை மில்லிமீற்றர் எங்கே போனது என்று உம்முடைய நாரி சொல்லும்.

போட்ட பிறகு இதைச் செய்யும். காற்று 26 பிஎஸ்ஐ, கதவடியில் இருக்கிற தகட்டோடும் ஒத்துப்பாரும். நாங்கள் எல்லாக் காருக்கும் 32 அடிக்கிற பழக்கத்தில் அடித்துவிடுவோம், விடாதையும். பிறகு வெண்கட்டியால் ரயரின் முகத்தில் குறுக்கே, ஓரத்தில் இருந்து ஓரம் வரை, தடித்த கோடு ஒன்று இழுத்து, நேரான தார் றோட்டில் ஐம்பது யார் மெதுவாக ஓடிவிட்டு இறங்கிப் பாரும். கோடு முழுக்க ஒரே மாதிரி அழிந்திருந்தால் ரயரும் றிம்மும் காற்றும் ஒத்துப்போகின்றன. நடு மட்டும் அழிந்தால் காற்றுக் கூட, இல்லை றிம்முக்கு ரயர் பெரிது. ஓரங்கள் மட்டும் என்றால் காற்றுக் குறைவு.

விசுவமடு ரீச்சர்

வெண்கட்டி வேண்டுமென்றால் நான் தருகிறேன்!

ஒன்றுதான் சொல்ல வந்தேன். தம்பியின் பழைய ரயரில் தவாளிப்பு இருந்தும் வழுக்கியது என்றால் அகலத்தில் பிழை இல்லை, வயதில்தான் பிழை. ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் கிழமை செய்தது. எனக்கு ஒரு கடையில் புதிது என்று பளபளவென்று துடைத்துத் தந்ததை வீட்டில் வந்து பார்த்தால் ஒன்பது வயது. என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரு வயதுதான் குறைவு. பூட்ட முதல் பாருங்கள், பூட்டின பிறகு மாற்றித் தர மாட்டார்கள். சில வேளை அந்த இலக்கம் உட்பக்கமாகத் திரும்பியிருக்கும்.

கிளிநொச்சிப் பெடியன்

பதினெட்டு நாள் பொறுத்து 185/60/14 நாலும் வவுனியாவில் எடுத்தேன். ரீச்சர் சொன்ன இலக்கத்தைக் கடையிலேயே குனிந்து பார்த்தேன், நாலுக்கும் ஒரே கிழமை. பூட்டின பெடியன் வழமைபோல 32 அடித்துவிட்டான். அப்படியே வெண்கட்டிக் கோடு போட்டு ஓடிப் பார்த்தேன், நடு அழிந்து இரண்டு ஓரமும் வெள்ளையாக நின்றது. 26க்கு இறக்கித் திரும்பவும் போட்டேன். முன் இரண்டும் முழுக்க அழிந்தன. பின் இடதில் மட்டும் உள் ஓரத்தில் ஒரு விரல் அகலம் மிச்சம் நிற்கிறது. அலைன்மென்ற் பார்க்க வேண்டுமா அண்ணை?

முறிகண்டியில் நிறுத்தினேன். இந்த முறை நேராக நின்றது. கச்சான் அம்மா ஆனாலும் இரண்டடி தள்ளியே நின்றார்.

ஒட்டுக்கடை அண்ணை

பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலமை கொண்டுவாரும், வெயில் ஏற முதல். கச்சானும் கொண்டுவாரும்.