பிபி பட்டையைச் சுற்றும் முன் ஐந்து நிமிடம்: கிளினிக்கில் வேலை பார்ப்பவர்கள், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

பஞ்சுமூட்டை:
பதினான்கு வருடமாக ஆரம்பநிலை கிளினிக்குகளில் நர்ஸாக இருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா மாதாமாதம் பிபி பார்க்க வருவார். எங்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய், அந்த இடங்கள் காலியாகவே கிடந்த சமயம். அவர் படியேறி மூச்சு வாங்க உள்ளே வருவார், உட்கார்ந்தாரோ இல்லையோ சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிவிடுவேன், அவர் ஏதோ பேசிக்கொண்டே இருப்பார், நான் காற்றை ஏற்றிக்கொண்டே அடுத்தவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 160, 164, ஒருமுறை 170. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அவரைச் சொல்லி என்ன, அவர் முன்னால் இருந்தது நான் எழுதிய எண். ஒரு நாள் விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்தபோது தலை சுற்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்து வந்தார். நிற்க வைத்துப் பார்த்தால் 98.

காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் எண் கூடிக் காட்டும். பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்! அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இல்லை, அவ்வளவுதான். இதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. மாவுக்கட்டோடு அவர் என் எதிரே உட்கார்ந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சீட்டை வாங்கினேன், கிழித்தேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மதியநேர டாக்டர்:
சிஸ்டர், அந்த 'ஒன்றுமே தோன்றாமல் போவது' எனக்கும் வந்தது. பர்ன்அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு விளக்கம் கொடுத்தபோது நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்து வருகிற நிலை என்றுதான் சொன்னது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது, கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை என்று அர்த்தமாகிறதே.

என் கதை சர்க்கரை. ஒருவருக்கு ஒரு வருடமாக மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c பரிசோதனை) 11 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. 'ஊசி ஒழுங்காகப் போடுவதில்லை' என்று போன தடவை எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதினேன், முகத்தை நிமிர்ந்து பார்த்தேனா என்பதே சந்தேகம். புதிதாக வந்த பயிற்சி டாக்டர் ஒருத்திதான் "எங்கே போடுகிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டாள். தொப்புளுக்கு வலப்பக்கம், தினமும் அதே இடம். தோலுக்கடியில் எலுமிச்சை அளவு கொழுப்புக் கட்டி. அதற்குள் போடுகிற இன்சுலின் எப்படி ஒழுங்காக ரத்தத்தில் சேரும்? இடத்தை மாற்றச் சொன்னோம், புது இடத்தில் மருந்து வேகமாகப் பிடிக்கும் என்பதால் அளவையும் குறைத்தோம். அடுத்த பரிசோதனையில் 8.2. மனிதர் வருடம் முழுக்க ஒரு நாள் தவறாமல் போட்டிருக்கிறார்.

67 நாடுகளில் ஒரு நோயாளியோடு டாக்டர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று திரட்டிய ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. 48 நொடியிலிருந்து இருபத்திரண்டரை நிமிடம் வரை. 48 நொடியில் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்ல முடியாது.

சீட்டு எழுதுபவள்:
ஒன்பது வருடம் முன் மேசையில் இருந்தேன். எப்போதும் கிண்டல் பேசுகிற ஒருவர் அன்றைக்குப் பேரைச் சொல்லவே குழறினார், பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. வரிசையை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன், பக்கவாதம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இப்போது நடக்கிறார். அவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும் என்பதால்தான் பிடிபட்டது. போன வருடம் நான் வேலையை விட்டுவிட்டேன், தினமும் திட்டு வாங்கி முடியவில்லை. இப்போது அந்த மேசையில் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார்களாம்.

வரிசையில் 43:
எல்லாம் சரி. நீங்கள் களைத்துப் போனால் விழுவது நாங்கள். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னீர்களா?

பஞ்சுமூட்டை:
நியாயமான கேள்வி. உடனே சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன், தவறு என் பக்கம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ மாத்திரையைக் குறைப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் ஏற்கெனவே குறைத்திருந்தார்.

அப்புறம் பிபி அறைக்கு வெளியே, கதவை ஒட்டி, மூன்று நாற்காலி போடச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். உள்ளே வருவதற்கு முன் அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும். வரிசை குறையவில்லை, காலி இடத்தில் ஒன்றுதான் நிரம்பியது, ஆனால் காத்திருக்கிற நேரமே அந்த ஐந்து நிமிடமாகிவிட்டது. அந்த அம்மா இப்போது முதல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் "பேசாதீங்க, ஏறிடும்" என்று அதட்டுகிறார்.