லிவிட்டி சவுண்ட் என்னும் மின்னணு நடன இசை லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனத்தின்) வெளியீடுகளை நீங்கள் முதலில் எப்படிக் கேட்டீர்கள்?

அடிநாதம்:
இந்த லேபிளின் ஊரான இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் படித்த காலத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சறுக்கலை முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைத் தொடரலாம். 2020இல் அசு திவாலின் என்னும் இசைக் கலைஞரின் 'மேக்னெட்டிக் சர்வீஸ்' இந்த லேபிளில் வெளிவந்தபோது ஊரடங்கினால் கிளப்புகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. விடுதி அறையில் கட்டிலில் படுத்தபடியே கைப்பேசியில் கேட்டேன். டோம்பக் என்னும் பாரசீகத் தோல்கருவியின் விரலடி மட்டும் டொக்டொக்கென்று வந்ததே தவிர, அதற்குக் கீழே எதுவுமே இருப்பதாகத் தெரியவில்லை. "வெறும் எலும்புக்கூடு" என்று நண்பனுக்கு எழுதியும் விட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பிரிஸ்டலின் ஸ்டோக்ஸ் கிராஃப்ட் தெருப் பக்கத்தில் தாழ்ந்த கூரையுடைய ஒரு நிலவறையில், ஆளுயரப் பேழைகளாக அடுக்கப்பட்ட ஒலிபெருக்கிகளின் முன்னால் அதே இசைத்தட்டைக் கேட்க நேர்ந்தது. 50 ஹெர்ட்ஸ் அளவிலான அடியொலி காதுக்கு வருமுன்பே விலா எலும்பில் இறங்கியது. என் கையிலிருந்த பிளாஸ்டிக் குவளைத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. அந்த அளவுக்குக் காற்றை அசைக்கும் வலு கைப்பேசியின் சிற்றொலிபெருக்கிக்குக் கிடையாது என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனாலும், மிருதங்கத்தில் தொப்பிப் பக்கத்தை மூடிவிட்டு வலந்தலையை மட்டும் கேட்டு வித்துவானைக் குறை சொன்னவன்போல் கூசி நின்றேன்.

பெவரலிஸ்ட், கௌட்டன், அசூசு ஆகிய இசைக் கலைஞர்கள் மூவரும் 2011இல் தொடங்கிய லேபிள் இது. பெவரலிஸ்ட் அதற்கு முன்பு அதே ஊரில் ரூட்டட் ரெக்கார்ட்ஸ் என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்தவர். செயின்ட் பால்ஸ் பகுதியில் குடியேறிய ஜமைக்கர்கள் கொண்டுவந்த, பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசை போடும் சவுண்ட் சிஸ்டம் மரபும், அடியொலி மிகுந்த டப்ஸ்டெப் இசையும், ஹவுஸ், டெக்னோ ஆகிய நடன இசைகளின் நான்கடிக் கட்டும் இவர்களிடம் ஒன்று கலந்திருக்கின்றன. 'லிவிட்டி' என்பதே ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தபாரி சமயத்தார் தம் வாழ்முறையைக் குறிக்கும் சொல். பெயரிலேயே பரம்பரை தெரிகிறது என்பது என் எண்ணம்.

ஊசிமுனை:
என் அனுபவம் கேட்பவனுடையது அன்று, வீட்டிலிருந்தபடி இசை செய்பவனுடையது. இந்த லேபிளின் தட்டுகளைக் கேட்ட வேகத்தில் நானும் இரண்டு பாடல்களை அமைத்து, அடியொலியை இடம் வலமாகப் பரப்பி, அதுவே புதுமை என்று நினைத்து டப்பிளேட் (ஒற்றைப் பிரதியாக வெட்டும் மாதிரித் தட்டு) வெட்டக் கொடுத்தேன். வெட்டும் பொறியாளர் ஒன்றும் பேசாமல் நுண்ணோக்கியைக் காட்டினார். இடது ஒலியும் வலது ஒலியும் எதிரெதிராக இழுக்கும் இடங்களில் ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்க வேண்டியிருப்பதால், பள்ளம் மெலிந்து, ஓரிடத்தில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. அப்படிப்பட்ட தட்டில் ஊசி தாவாமல் என்ன செய்யும்? அடியொலியை நடுவில் ஒன்றாகக் குவித்த பிறகே தட்டு ஓடியது. வீட்டிற்கு வந்து லிவிட்டி தட்டு ஒன்றை எடுத்துக் கேட்டபோது, அவர்கள் அடியொலியை நடுவில் ஒன்றாகவே வைத்துவிட்டு, விளையாட்டையெல்லாம் மேலே தாளத்தில் நடத்துவது அப்போதுதான் புரிந்தது.

தட்டு அச்சிடும் கதை வேறு. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பேனிங் நகரில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபின், வெட்டுவதற்கான லாக்கர் தகடுகளைச் செய்யும் நிறுவனம் உலகில் ஜப்பானில் ஒன்றுதான் மிஞ்சியது. என் 300 பிரதிகள் ஏழு மாதம் கழித்து வந்தன. அவற்றிலும் பல, நடுத்துளை விலகி, பாட்டு தள்ளாடும் தட்டுகள். இந்த இக்கட்டிலும் மாதந்தவறாமல் வெளியீடு கொண்டுவரும் சிறு லேபிள்களைக் கண்டால் எனக்குப் பொறாமைதான்.

இரவுப்பறவை:
கோயம்புத்தூருக்குத் தட்டை வரவழைத்தால் தட்டைவிடத் தபால் செலவு கூடுதலாகிறது என்பதால், நான் பேண்ட்கேம்ப் என்னும் இணைய இசை விற்பனைத் தளத்தில் கோப்பாகவே வாங்குகிறேன். அந்தத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வெள்ளிக்கிழமைகளுக்காகக் காத்திருந்து வாங்குவது 2020 முதல் வழக்கமாகிவிட்டது.

அடிநாதம் சொன்னதைப் படித்துவிட்டு, மேடைக் கச்சேரிக்காரர் ஒருவரிடமிருந்து அடியொலிக்கென்றே உள்ள பழைய 12 அங்குல சப்வூஃபர் ஒலிபெருக்கியை இரவல் வாங்கி, அதே பாடலை வரவேற்பறையில் போட்டேன். இரண்டாவது நிமிடத்தில் சமையலறைத் தட்டுக்கூடையிலிருந்த எவர்சில்வர் தட்டுகள் அத்தனையும் கிணுகிணுக்கத் தொடங்கின. அம்மா என்னை ஒன்றும் கேட்காமல் நேரே போய் காஸ் சிலிண்டரை மூடினார்.