தேஜஸ் படமும் 18-ஆம் ஸ்குவாட்ரனும்

வணக்கம் சொந்தங்களே,

துபாய் மாப்பிள்ளை குழுவில் போட்ட தேஜஸ் போர் விமானத்தின் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். படம் அருமை. ஆனால் கீழே "2020-ல நம்ம சூலூர்ல புதுசா ஆரம்பிச்ச ஸ்குவாட்ரன்" என்று எழுதியிருந்தார். புதுசு விமானம் மட்டும்தான் மாப்பிள்ளை. கோவை பக்கத்துச் சூலூருக்கு வந்தபோது அந்த ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படைப் பிரிவுக்கு) 55 வயது.

18-ஆம் ஸ்குவாட்ரன், அதாவது 'ஃப்ளையிங் புல்லட்ஸ்', 1965 ஏப்ரல் 15-இல் தொடங்கப்பட்டது. முதலில் கொடுத்தது நாட் என்கிற பொடி விமானம். எதிரியான பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்துக்கு இறக்கையின் முனைக்கு முனை 11 மீட்டருக்கு மேல். நாட் விமானத்துக்கு 7 மீட்டர்கூடக் கிடையாது. வானத்தில் கண்ணுக்கே சரியாகத் தட்டுப்படாது. அதுதான் அதன் பலம்.

இவர்கள் கதையில் முக்கியமான நாள் 1971 டிசம்பர் 14. 1948-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்தி வைக்கும் வழக்கம் இல்லை. போர் மூண்ட பிறகுதான் நாட் விமானங்கள் அங்கே போயின. விமானிகளுக்கு மலையும் பழக்கமில்லை, அந்தக் குளிரும் பழக்கமில்லை. அன்று காலை ஆறு பாகிஸ்தான் சேபர்கள் விமானத்தளத்தின் மேல் வந்துவிட்டன. தயார் நிலையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஃப்ளைட் லெப்டினன்ட் குமன் முன்னால் கிளம்பினார். பின்னால் ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செக்கோன் கிளம்பும்போது ஓடுபாதையிலேயே குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. வேறு யாராவது என்றால் அப்படியே பதுங்கியிருப்பார்கள். இவர் மேலே ஏறிவிட்டார்.

ஏறியதும் மூட்டத்தில் குமன் தன் ஜோடியைத் தவறவிட்டார். அதன் பிறகு செக்கோன் தனி ஆள், எதிரே ஆறு பேர். மரங்களின் உயரத்தில் சுற்றிச் சுற்றி நடந்த சண்டை அது. ஒரு சேபரை அடித்தார், இன்னொன்றைத் தீப்பிடிக்க வைத்தார் என்கிறது அவருக்குப் பின்னர் கொடுத்த பரம்வீர் சக்ரா விருதின் குறிப்பு. பாகிஸ்தான் தரப்பு அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கணக்கு எப்படியும் இருக்கட்டும், கடைசியில் அவர் விமானம் அடிபட்டு விழுந்தது. மலைச்சரிவில் உடைசல் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. எதிர்த்துப் பறந்த பாகிஸ்தான் விமானி ஒருவரே பின்னாளில் அவரைப் பாராட்டி எழுதினார். போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான அந்தப் பரம்வீர் சக்ராவைப் பெற்ற ஒரே விமானப்படை வீரர் இன்றுவரை செக்கோன்தான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அப்புறம் நடந்தவை சுருக்கமாக. நாட் விமானத்தையே எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்) மேம்படுத்திச் செய்த அஜீத் (தல இல்லை, விமானம்!) வந்தது, பிறகு மிக்-27. அதற்கும் வயதாகிவிட, 2016-இல் மேற்கு வங்கத்தின் கலைக்குண்டாவில் ஸ்குவாட்ரனையே மூடி வைத்தார்கள். விமானப்படையில் மூடினால் எண்ணும் கொடியும் பத்திரமாக இருக்கும். புது விமானம் கிடைக்கும்போது மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். இவர்களை 2020 ஏப்ரலில் எழுப்பினார்கள். ஊரடங்கு நேரத்தில், மே 27-இல், அன்றைய விமானப்படைத் தளபதி பதௌரியா சூலூர் வந்து தேஜஸை ஒப்படைத்தார்.

தேஜஸின் முதல் ஸ்குவாட்ரன் இது இல்லை. அது 45-ஆவது. 2016-இல் பெங்களூரில் எழுப்பப்பட்டு, 2018-இல் சூலூர் வந்தது. இரண்டையும் படத்தில் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: விமானி உட்காரும் கண்ணாடிக்கூண்டுக்கு முன்னால், வலப்பக்கம் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். பறந்தபடியே எரிபொருள் வாங்கிக்கொள்ளும் குழாய் அது. 45-க்கு முதலில் கொடுத்த விமானங்களில் அது கிடையாது, 18-க்கு வந்தவற்றில் உண்டு. மாப்பிள்ளை, உங்கள் படத்தில் குழாய் தெரிகிறது.

18-ஆவது ஸ்குவாட்ரனை 2024-இல் குஜராத்தின் நலியாவுக்கு மாற்றிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 45-ஆவது மிக்-21 ஓட்டிய காலத்தில் இருந்ததும் அதே நலியாவில்தான். ஆகவே படம் எந்த வருடம் எடுத்தது என்று கொஞ்சம் சொல்லுங்கள். சங்க ஆண்டு மலரில் போடுவதாக இருந்தால் கீழே சரியான எண்ணைப் போட வேண்டும். சூலூர் பி.ஆர்.டி.யில் (விமானப்படையின் பழுதுபார்ப்பு நிலையத்தில்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அவர்களிடமும் கேட்டு நாலு வரி எழுதி அனுப்புங்கள்.