எதுவும் சுடாத மூலையில் 16% திசு சேதம்: எங்கே தவறு?

ஈசூன் மாணவி:
வணக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, கல்லீரல் கட்டியை ரேடியோ அலையால் சுட்டு அழிக்கும் சிகிச்சையைக் கணினியில் பாவனை செய்கிறேன். வெப்பத்துக்குப் பென்னஸ் சமன்பாடு (திசுவில் வெப்பம் பரவுவதையும் ரத்த ஓட்டம் அதைக் கடத்துவதையும் கணக்கிடுவது), சேதத்துக்கு அர்ஹீனியஸ் தொகையீடு (வெப்பத்தால் வரும் சேதத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போவது; 1 ஆனால் 63% செல்கள் இறந்ததாகப் பொருள்). 10 நிமிடம் ஓட்டினால் ஊசியைச் சுற்றி எல்லாம் நம்பும்படி வருகிறது. ஆனால் 37 டிகிரியை விட்டு அசையாத தூரத்து மூலையிலும் 16% செல்கள் இறந்ததாகக் காட்டுகிறது. மெஷ்ஷை (கணக்கிடும் கட்ட வலையை) நுணுக்கினேன், நேரப் படியைக் குறைத்தேன், அதே 16. மூன்று இரவாக இதோடுதான் இருக்கிறேன்.

தெம்பனிஸ்வாசி:
வெப்பநிலையைக் கெல்வினில் கொடுத்தீர்களா? நான் ஒருமுறை செல்சியஸில் விட்டுவிட்டு ஒரு வாரம் தேடினேன்.

ஈசூன் மாணவி:
கெல்வின்தான் அண்ணா, 310.15. அர்ஹீனியஸுக்கு வேண்டிய இரண்டு எண்கள்: அதிர்வெண் காரணி விநாடிக்கு 7.39 × 10³⁹, கிளர்வு ஆற்றல் மோலுக்கு 257.7 கிலோஜூல். கல்லீரலுக்குப் பலரும் எடுக்கும் எண்கள்.

கிளமெண்டி பொறியாளர்:
தங்கச்சி, உங்கள் நிரலில் தவறில்லை. கையால் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு எண்களும் 37 டிகிரியிலேயே விநாடிக்கு 0.00029 சேத வேகம் தருகின்றன. 600 விநாடிக்கு 0.175, அதாவது 16% சேதம். இன்னும் ஓட்டினால் 57ஆவது நிமிடத்தில் தொகையீடு 1 ஆகும். சூடே படாத கல்லீரலில் 63% போய்விடும். நம் உடம்பு நாள் முழுக்க அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. செல் தன்னைச் சரிசெய்துகொள்வது இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. 50 டிகிரியில் அதே எண்கள் 61 விநாடியில் 1-ஐத் தொடுகின்றன, அங்கே பரவாயில்லை.

ஹென்ரிக்ஸும் மோரிட்ஸும் 1947இல் தோலுக்குக் கொடுத்த எண்களைப் போட்டால் 37இல் சேதம் பூஜ்யத்தை ஒட்டி வரும். ஆனால் தோலின் எண்ணைக் கல்லீரலுக்கு வைக்காதீர்கள், சோதனைக்கு மட்டும்.

சபரேட்டோ, டியூவி 1984இல் சொன்ன 43 டிகிரி சமான நிமிடங்களையும் (பட்ட வெப்பம் 43 டிகிரியில் எத்தனை நிமிடத்துக்குச் சமம் என்பதை) கணக்கிடுங்கள். 43க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவையான நேரம் பாதியாகும். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் நாலு மடங்காகும். திசு இறப்புக்கு 240 நிமிடத்தை எல்லையாக வைப்பது வழக்கம்.

ஈசூன் மாணவி:
போட்டுவிட்டேன் அண்ணா! மூலையில் 0.0024 நிமிடம்தான். அறிக்கையில் எதைக் காட்டுவது?

கிளமெண்டி பொறியாளர்:
அர்ஹீனியஸ், சமான நிமிடம் இரண்டையும் காட்டுங்கள், 37 டிகிரி சோதனையையும் சேர்த்து. சேதப் பகுதியின் எல்லைக்கோடு 63%க்கா, 99%க்கா என்று கட்டாயம் எழுதுங்கள். 99%க்குத் தொகையீடு 4.6 வரை போக வேண்டும், சேதப் பகுதி சுருங்கும். அப்புறம், வெந்த திசுவில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். பென்னஸ் சமன்பாட்டில் ரத்த ஓட்டத்துக்கான பகுதியை அங்கே அணைத்தீர்களா?

ஈசூன் மாணவி:
இல்லை. இன்றிரவே அணைத்து ஓட்டுகிறேன்.